மூன்று சிப்பம் அரிசியும் ஒரு மர ஸ்கேலும்

நாற்பத்திரண்டு வயதில் மர ஸ்கேலால் தலையில் அடி வாங்கினேன். அடித்தவர் எங்கள் தெரு டைலரக்கா. நான் செய்த குற்றம், டார்ச்சில் இருந்த பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டது.

எங்கள் தெரு அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஒட்டி என்றால், ஆற்றுக்கு மனசு வந்தால் நம் கட்டிலில் வந்து உட்காரும் தூரம். ஆட்டோ உள்ளே வந்தால் திரும்ப முடியாது, பின்னாலேயேதான் போக வேண்டும். எல்லாமே தரையோடு கிடக்கிற வீடுகள். தெருக்கோடியில் மட்டும் ஒரு மூன்று மாடி வீடு. அந்த வீட்டுக்காரர் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். ஒரு காலத்தில் இந்தத் தெருவே அவருடைய வயல். அந்த வயலில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மனை போட்டு விற்கும்போது மட்டும் மறந்துவிட்டது. அதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். நான் பிளம்பர். எனக்கு நாசூக்காகப் பேச வராது.

டைலரக்காவின் கடை அவர் வீட்டு முன்னறைதான். ஒரு தையல் மெஷின், ஒரு கண்ணாடி, ஜாக்கெட் துணிகள் மலை மாதிரி. தலையில் முக்காடு, கழுத்தில் டேப், கையில் அந்த மர ஸ்கேல். அக்காவின் புருஷன் பல்லாவரம் சந்தையில் துணி விற்கிறவர். அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச அவருக்கு இடம் இருந்திருக்காது.

அக்காவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அளந்து பாத்தியா?"

யார் எதைச் சொன்னாலும் அதுதான். போன வருஷ அளவிலேயே தைத்துவிடுங்கள் என்று எவளாவது சொன்னால், "போன வருசம் நீ வேற ஆளு, கைய தூக்கு" என்று மறுபடி அளப்பார். வாய்க்காலைத் தூர் வாரிவிட்டார்கள் என்று நான் சொன்னபோது, என்னைக் கூட்டிக்கொண்டு போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, ஸ்கேலை வாய்க்காலில் விட்டுப் பார்த்தார். ஸ்கேல் பாதிகூட இறங்கவில்லை. "இன்னாப்பா, இதான் தூர் வாரின லட்சணமா?" என்றார், நான்தான் வாரினேன் என்பது போல.

மழைக்காலத்துக்கு முந்தின மாதங்களில் அவர் தொல்லை தாங்க முடியாது. தெருமுனை மின்கம்பத்தில் பெயிண்டால் இரண்டு கோடு போட்டார். கீழ்க்கோட்டைத் தண்ணீர் தொட்டால் பையை எடு. மேல்கோட்டைத் தொட்டால் வீட்டை விடு. மேல்கோடு என்ன கணக்கு என்று கேட்டேன். பெரியவர்களில் தெருவிலேயே குள்ளமானவரின் இடுப்பு உயரமாம். அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு மாதம் அக்காவிடம் பேசவில்லை. அக்கா கவலைப்படவில்லை. பேசாதவர்களின் அளவும் அவரிடம் இருந்தது.

பை என்று சொன்னேனே, அதுவும் அவர் தைத்ததுதான். வீட்டுக்கு ஒன்று, ரெக்சினில், தோளில் மாட்டுகிற மாதிரி. ரேஷன் கார்டு, ஆதார் நகல், மாத்திரை, டார்ச், தீப்பெட்டி, பிஸ்கட் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனைக்கு வருவார். முன்னறிவிப்பு கிடையாது. எதிர்வீட்டு பெயின்டர் பையில் பிஸ்கட் பாக்கெட் காலியாக இருந்தது. எலி தின்றுவிட்டது என்றான். பாக்கெட்டை முடிச்சுப் போட்டு வைக்கிற எலியை அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை என்றார். மாடி வீட்டுக்காரர் பையில் கல்யாண ஆல்பம் மட்டும் இருந்தது. என் பையில் பேட்டரி இல்லாத டார்ச். அதற்குத்தான் அந்த அடி.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸாப் குரூப்பும் இருக்கிறது. மேகம் கறுத்தால் போதும், 'பாதுகாப்பாக இருங்கள்' என்று ஆளுக்கு ஒரு கும்பிடு போடுவார்கள். கும்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அக்கா அந்தக் குரூப்பில் இல்லை. சேர்த்துவிடுகிறேன் என்றதற்கு, "போன்ல போட்டா தண்ணி நின்னுக்குமா?" என்றார்.

ஏன் இப்படி உயிரை வாங்குகிறீர்கள் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் தைத்துக்கொண்டே சொன்னார். முந்தைய வெள்ளத்தில் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். எல்லாரும் வந்தாச்சு என்று யாரோ ஒருவர் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். பின்கட்டு அறையில் குடியிருந்த இஸ்திரிக்காரர் ஒன்றரை நாள் பரணில் உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான் இறங்கினார். ஆனால் யாரிடமும் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்துப் போய்விட்டார்.

"எல்லாரும் வந்தாச்சுன்னு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார். மெஷினை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் தலைக்கணக்கு. அவர் எண்ணும்போது நாம் கையைத் தூக்கினால் செல்லாது, உள்ளேன் என்று கத்தினாலும் செல்லாது. ஸ்கேலால் ஒவ்வொரு தலையிலும் ஒரு தட்டு. தட்டின தலைதான் கணக்கு. ஆம்பளைகளைக் கையால் தொட முடியாது, அதற்குத்தான் ஸ்கேல் என்பார். குழந்தைகளுக்கு மெதுவாகத் தட்டுவார். எனக்கு மெதுவாகத் தட்டியதே இல்லை.

தண்ணீர் வந்தால் ஏறுவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே இடம் அந்த மூன்று மாடி வீடு. மாடிப்படி வெளிப்பக்கம். அதற்கு ஒரு கிரில் கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு. தெருவே போய்க் கேட்டும் வீட்டுக்காரர் சாவி தரவில்லை. என் மாடி என்ன சத்திரமா என்றார். நான் நாலு வார்த்தை சூடாகப் பேசினேன். அவர் ஆறு வார்த்தை பேசினார். காரியம் கெட்டதுதான் மிச்சம்.

அடுத்த மாதம் மாடி வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம். ஏழு ஜாக்கெட்டும் அக்காவிடம் இருந்தன. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை வீட்டுக்காரரே நேரில் வந்து நின்றார். ஜாக்கெட் ஆச்சா என்று கேட்டார்.

"ஜாக்கெட் ரெடி சார்" என்றார் அக்கா. "சாவி ரெடியா?"

மனுஷன் முகம் போன போக்கை நான் எதிரே டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். அரை மணியில் மாற்றுச் சாவி வந்தது. அக்கா அதை வாங்கி உடனே ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? நடந்து போய்ப் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் கொடுத்தார்.

இப்போது என் அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலில் உட்காருவார், இடது கையால் சாப்பிடுவார், வாயால் என்னைத் திட்டுவார். இந்த மூன்றும் நன்றாக நடந்தன. அவரை மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அக்காவுக்குப் பெரிய கவலை. முதலில் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து நாலு பேர் தூக்கிப் பார்த்தோம். கால் முறிந்தது. நல்லவேளை, நாற்காலியின் கால். பிறகு நான் ஒரு இரும்பு நாற்காலிக்கு அடியில் இரண்டு ஜிஐ பைப்பை கிளாம்ப் போட்டு இறுக்கினேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோளில் வைத்துத் தூக்கலாம். பார்க்கப் பல்லக்கு மாதிரியே இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். "இன்னாடா இது? நான் இன்னா திருநீர்மலை உற்சவரா?" என்றார். நாலு பைப் முனையையும் பார்த்துவிட்டு, "உசுரோட கீறப்பவே நாலு பேர் தோள்ல ஏத்தப் பாக்குறீங்களா?" என்றார்.

அதோடு முடிந்தது. உட்கார மாட்டேன் என்றால் மாட்டேன்தான். தண்ணீர் வருகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஒத்திகைக்கெல்லாம் நான் பாடை ஏற மாட்டேன் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் எதிரே வருகிறவன் செருப்பைக் கழற்றுவானா மாட்டானா?

அக்கா அவரை வற்புறுத்தவில்லை. கட்டிலுக்கு எதிரே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார். "எழுவத்தஞ்சு கிலோ" என்றார். தெருவே சேர்ந்து வெள்ளத்துக்கென்று வாங்கி எங்கள் வீட்டில் அடுக்கியிருந்த அரிசியில் மூன்று சிப்பத்தை எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. அவற்றை நாற்காலியில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். ஆள் மாதிரி இருந்தால்தான் தூக்குகிறவனுக்குப் பயம் இருக்கும் என்று அப்பாவின் பழைய காக்கிச் சட்டையை அதற்கு மாட்டினார். மேலே நீலத் தார்ப்பாய்.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுத்தார். விசில். அப்பா பெட்டியிலிருந்து தன் பழைய விசிலைத் தேடி எடுக்கச் சொன்னபோது முகத்தில் ஒரு களை வந்ததை நான் பார்த்தேன். இரண்டு ஊதினால் கிளம்பு. ஒன்று ஊதினால் நில்.

ஒவ்வொரு ஞாயிறும் இதுதான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு ஊதுவார். நான், பெயின்டர், அவன் மச்சான், கூரியர்காரர் ஒருவர், நாலு பேரும் ஓடிவந்து வாசலில் இருக்கிற நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவோம். அக்கா மேலே நின்று மூட்டையின் உச்சியில் ஸ்கேலால் தட்டி, "பெரியவர் வந்தாச்சு" என்பார். நாளாக ஆக நாங்கள் தேறிவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு தூக்குவோம். அதுதான் வினையாகப் போனது.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. முந்தின ஞாயிறு ஒத்திகை முடிந்ததும் கயிற்றை அவிழ்க்காமல் நாற்காலியை அப்படியே வாசல் சன்ஷேடுக்குக் கீழே விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. ஏரியைத் திறக்கப் போகிறார்கள் என்று காலையிலேயே மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்குக் கீழ்க்கோடு மறைந்தது. தெரு பையை மாட்டியது. பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள் எல்லோரும் மாடிக்குப் போனார்கள். நான் தெருமுனையில் பைக்கைத் திட்டு மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டு விசில்.

ஓடினேன். மற்ற மூன்று பேரும் ஓடிவந்தார்கள். மழை முகத்தில் அறைந்தது, ஒன்றும் தெரியவில்லை. வாசலில் நாற்காலி. தார்ப்பாய்க்குக் கீழே காக்கிச் சட்டைக் கை தொங்கியது. பெயின்டர் உட்கார வைத்திருப்பான் என்று நான் நினைத்தேன். பெற்ற பிள்ளைதானே உட்கார வைத்திருப்பான் என்று அவன் நினைத்தான். மச்சான் மாமனை நினைத்தான். கூரியர்காரர் ஒன்றும் நினைக்கவில்லை, அவருக்குப் பார்சலைத் தூக்கித்தான் பழக்கம். தூக்கினோம். நாலடி போனதும் நீளமாக ஒரு விசில். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கிழவர் நாற்காலியில் பயந்து ஊதுகிறார் என்று இன்னும் வேகமாக ஓடினேன்.

மாடி ஹாலில் சுவரைப் பார்த்த மாதிரி இறக்கினோம். சாரல் படாமல் இருக்கட்டும் என்று தார்ப்பாயை எடுக்கவில்லை. அப்பா, டீ வேணுமா என்று கேட்டேன். பதில் இல்லை. முந்தின நாள் மாத்திரையைத் துப்பினார் என்று நான் கத்தியிருந்தேன், அதிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபம்தான் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது.

"ஊரே முழுகுது, இப்பகூட வீம்பா?" என்று அந்த அரிசி மூட்டையைப் பார்த்து நான் கேட்டேன். அதோடு விட்டேனா? உனக்கு நான் என்ன குறை வைத்தேன், உன் மருமகள் உன்னால் எத்தனை பாடுபடுகிறாள் என்று ஒரு ஐந்து நிமிஷம் பேசினேன். வாழ்நாளில் அப்பா என் பேச்சைக் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். பெயின்டர்கூட, விடுப்பா, பெரியவர் வருத்தப்படுவார் என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனான்.

அக்கா கேட்டைச் சாத்திவிட்டுக் கடைசியாக ஏறி வந்தார். நனைந்த முக்காட்டைப் பிழிந்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். எங்கள் கணக்கு முப்பத்தொன்பது. தட்டிக்கொண்டே வந்தார். எல்லாரும் வந்தாச்சுக்கா, கண்ணால பாத்தாச்சு என்று மாடி வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். அக்கா காதில் வாங்கவில்லை. முப்பத்தெட்டு வந்தது. நாற்காலிக்கு வந்து ஸ்கேலால் ஒரு தட்டு தட்டினார். நின்றார். இன்னொரு தட்டு. அரிசி மூட்டையை வாரா வாரம் தட்டின கை அது. தார்ப்பாயைத் தூக்கினார்.

உள்ளே காக்கிச் சட்டை மாட்டிய மூன்று சிப்பம் அரிசி.

"உங்கப்பா எங்கப்பா?" என்றார் அக்கா.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தெருவில் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மேல்கோட்டை நான் பார்க்கவில்லை. வீட்டுக் கதவு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா கட்டிலில், தலையணைமேல் தலையணை போட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கட்டில் சட்டத்துக்குமேல் வந்து அவர் வேட்டியை நனைத்திருந்தது. மடியில் ரெக்சின் பை. வாயில் விசில். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்தார்.

"முப்பது வருசம் வண்டில போனேன்" என்றார். "ஒருத்தன ஸ்டாப்பிங்ல வுட்டுட்டுப் போனதில்ல. நீ பெத்த அப்பன வுட்டுட்டு மூட்டைய ஏத்திகினு போறியேடா."

கட்டிலருகே போய் அவர் தோளைப் பிடித்தேன்.

"அரிசி நனையாம போய்ச் சேந்துச்சா?" என்றார்.

அதற்குள் அக்காவும் மற்றவர்களும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். கயிற்றைத் துணி வெட்டுகிற கத்தரியாலேயே அறுத்து மூட்டையைத் தள்ளிவிட்டு வந்திருந்தார் அக்கா. அப்பா நாற்காலியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், எங்கள் கைக்கு உடம்பைக் கொடுத்தார். தோளில் ஏற்றினோம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"கண்ண தொறந்துக்க பெரியவரே" என்றார் முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போன அக்கா. "மூடிக்கினா அது வேற ஊர்வலம்."

அப்பா கண்ணைத் திறந்துகொண்டார். தெரு முழுக்க இரண்டு விசிலாக ஊதிக்கொண்டே வந்தார்.

மேலே இறக்கியதும் அக்கா ஸ்கேலை எடுத்தார். யாரையும் தொட விடாத என் அப்பா தலையைக் குனிந்து காட்டினார். ஒரு தட்டு. "முப்பத்தொம்போது" என்று சொல்லிவிட்டு அக்கா அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அந்த அரிசியைத்தான் இரண்டு நாள் தெருவே சாப்பிட்டது. அப்பா முதல் உருண்டையை வாயில் போட்டு மென்று, "டேய், உங்கப்பன் நல்லா வெந்துகிறான்டா" என்றார். நான் மூட்டையைத் திட்டிய கதையைப் பெயின்டர் அதற்குள் அவரிடம் வரி விடாமல் சொல்லியிருந்தான். பாவி.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். ஏழைகளுக்கு மாடியைத் திறந்துவிட்ட வள்ளல் என்று மாடி வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து சாவிக் கதையைச் சொல்லப் போனேன். அக்கா என் தோளில் ஸ்கேலை வைத்து அழுத்தி உட்கார வைத்தார். பொன்னாடையின் ஓரம் சரியாக மடித்துத் தைக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து அக்கா மகள் வீட்டோடு போய்விட்டார். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி, மூன்றாவது மாடி. போன முதல் வாரமே படிக்கட்டின் அகலத்தை அளந்தாராம். லிஃப்டில் நாற்காலி நுழையாது என்று அசோசியேஷனில் சண்டையாம். மகள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். நாங்கள் அனுபவித்ததை அவர்களும் அனுபவிக்கட்டும்.

இங்கே ஒத்திகை நின்றுவிடவில்லை. அப்பாவே நிற்க விடவில்லை. இப்போது நாற்காலியில் அவரே உட்காருகிறார். அரிசியை ஒரு பர்லாங்குக்குள் விடுவதில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் காலையிலேயே கீழ்க்கோடு மறைந்தது. முன்ஜாக்கிரதையாக எல்லோரும் ஏறிவிட்டோம். போன் அடித்தது, டைலரக்கா.

"அப்பாவ ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்க்கா. எதிர்லதான் உக்காந்துகினு கீறாரு."

"தட்டிப் பாத்தியா?"

அக்கா, நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மறுபடி அதே கேள்விதான் வந்தது. போய் அப்பா தலையில் ஒரு தட்டு தட்டினேன்.

"எத்தினி வாட்டிடா தட்டுவ, சோமாறி" என்று ஆரம்பித்து, என்னையும், என்னைப் பெற்ற நேரத்தையும், நான் போட்ட பைப்புகளையும் ஒன்று விடாமல் திட்டினார். போனை அவர் பக்கம் நீட்டிப் பிடித்தேன். மூட்டை இவ்வளவு பேசாது. முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அக்கா போனை வைத்தார்.